பராமரிப்பு ஒப்பந்தம்

முலுண்டிலிருந்து வடாலா வரை
என் பொறுப்பில் நாற்பத்தொரு லிஃப்ட்.
மாதம் ஒருமுறை கயிறு, பிரேக், கதவுச் சக்கரம்,
எண்ணெய்க் கையோடு ஒரு கையெழுத்து.
எந்தக் கட்டடம் சந்தோஷமாயிருக்கிறது என்று
கார்டில் ஒரு கட்டம் இருந்தால்
அதையும் நிரப்பிவிடுவேன்.

வாசல் பளிங்கை வைத்து அல்ல.
லிஃப்ட் பாதியில் நின்றபோது
உள்ளே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்
அதை வைத்து.

முலுண்டில் முப்பத்திரண்டு மாடி.
பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் நடுவே
ஐந்து பேர், இருபத்தாறு நிமிடம்.
கதவை நெம்பியபோது
ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றிருந்தார்கள்.
சுவர் நாலுதான்;
ஐந்தாமவர் கூரையைப் பார்த்தார்.
புகார் மட்டும் ஐந்து வந்திருந்தது கம்பெனிக்கு,
தனித்தனியாக,
ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில்.

திலக் நகரில் ஏழு மாடி, பழைய கிரில் கதவு.
சயானில் தண்ணீர் தேங்கிய நாள்;
நான் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம்.
நான்காம் மாடி கார்க்கர் அம்மாள்
கம்பி இடைவெளியில் விரல் நுழைத்து
அவித்த வேர்க்கடலை கொடுத்துக்கொண்டிருந்தாள்.
உள்ளே மாட்டிய பையனுக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை.
படியில் உட்கார்ந்து ஒருவர்
பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்ததும் கை காட்டினார்:
இருப்பா, இந்த ஒரு கணக்கு முடியட்டும்.

இல்லாதவர்கள்தான் மனசாரச் சிரிப்பார்கள் என்று
இருப்பவர்கள் சொல்வதுண்டு.
அதை வடாலாவில் வந்து சொல்லட்டும்.
அங்கேயும் ஏழு மாடி, அதே வாடகை, அதே ஒழுகல்.
லிஃப்ட் கண்ணாடி காணாமல் போன நாளிலிருந்து
ஒவ்வொரு வீடும் மற்ற வீட்டை உற்றுப் பார்க்கிறது.
நாங்கள் ஏறுவதில்லை, காசு தரமாட்டோம் என்று
முதல் மாடிக்காரர் போட்ட வழக்கு
மூன்றாம் வருடமாக நடக்கிறது,
லிஃப்ட் நடப்பதில்லை.

திலக் நகரில் தரைத்தளம் தாவ்டே.
பன்னிரண்டு வருடமாகத் தன் பங்கைத் தருகிறார்,
ஒருநாளும் ஏறியதில்லை.
ஏன் என்றேன்.
சீட்டாட நாலாவது கை ஏழாம் மாடியில் இருக்கிறது,
அவனுக்கு முழங்கால் சரியில்லை, என்றார்.

இத்தோடு கட்டத்தை நிரப்பி
வண்டியைக் கிளப்பியிருப்பேன்.
ஆனால் முலுண்டில் ஒருநாள் அனுஜாவைப் பார்த்தேன்,
திலக் நகர் ஐந்தாம் மாடியில் இருந்தவள்,
கணவனை விட்டு வந்தவள்.
இங்கேயா என்றேன்.
அங்கே என் கதவு ராத்திரி எத்தனை மணிக்குத் திறக்கிறதென்று
ஏழு மாடிக்கும் தெரியும் அண்ணா.
இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது.
நன்றாகத் தூங்குகிறேன்.
பத்தொன்பதாம் மாடியில் இறங்கிப் போனாள்,
திரும்பிப் பார்க்காமல், இலேசாக.

ஏறும் பெட்டிக்குப் பின்னால்
இறங்கும் எடை ஒன்று உண்டு.
வார்ப்பிரும்புப் பாளங்கள்.
உள்ளே நிற்பவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை.
நான் பார்ப்பேன், டார்ச் அடித்து,
மாதாமாதம்.
அங்கே மட்டும் எப்படித் தவறவிட்டேன்?

அன்டாப் ஹில்லில் என் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது.
மூன்று மாடி, கைப்பிடி ஆடும் படிக்கட்டு.
இரவு பதினொன்றுக்கு ஏறும்போது
இரண்டாம் மாடிக் கதவுக்குப் பின்னால் ஓர் இருமல்.
ஆறு வருடமாக அந்த இருமலைத் தெரியும்.
கோடையில் வறட்டு, மழைக்காலத்தில் சளி.
பெயர் தெரியாது.

நேற்றுப் பையில் கார்க்கர் அம்மாள் கொடுத்த கடலை
ஒரு பிடி மீதமிருந்தது.
நின்றேன்.
தட்டவில்லை.
வாசலில் கிடந்த செருப்பை மட்டும் எண்ணினேன்.
ஒரு ஜோடி.